வெங்கர் முன்னாடியே விலகியிருக்கணுமா, எங்க ஊர் கோச் விலகணுமா: கோத்தகிரி தம்பி கேட்டதுக்கு என் பதில்

தம்பி, நீங்க எழுதினதை மூணு தடவை படிச்சேன். மேல கேட்டிருக்கிறது இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் ஆர்சனல் பத்தி. அங்க 22 வருஷம் மேனேஜரா, அதாவது கோச்சா, இருந்த வெங்கரை ஃபேன்ஸ் போகச் சொன்னது நன்றி கெட்ட வேலையா, இல்ல அவரே முன்னாடி விலகியிருக்கணுமா, இந்தப் பேச்சுல டீக்கடையில ரெண்டு செட்டாப் பிரிஞ்சு சில பேர் முகம் கொடுத்துப் பேசறது கூட இல்லன்னு சொல்றீங்க. ஆனா கடைசி ரெண்டு வரியில 'எங்க ஹட்டி (கிராமம்) டீமுக்கும் 19 வருஷமா ஒரே கோச் தான், மூணு சீசனா ஒரு கப்பும் இல்ல, அவர்கிட்ட யாரு போய் சொல்றது'ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் நிஜமான கேள்வின்னு எனக்குப் படுது. வெங்கரைப் பத்தி நாம என்ன பேசினாலும் அவர் காதுக்குப் போகாது, உங்க கோச் தினமும் எதிர்ல வர்ற மனுஷன். அதனால ரெண்டுக்கும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பத்தான் எதை எவ்வளவு எடுத்துக்கலாம்னு உங்களுக்குத் தெரியும். குன்னூர் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல 27 வருஷம் பிடி மாஸ்டர், அதோட எங்க ஏரியா பசங்க டீமுக்கு 17 வருஷம் கோச். அதுக்குக் காசு ஒண்ணும் கிடையாது, ஸ்கூல் விட்டதும் விசிலை எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிடுவேன். இங்கிலீஷ் லீக்கை கேபிள் டிவி வந்த காலத்துல இருந்து பாக்கிறேன், ஆனா ஆர்சனல் டிரெஸ்ஸிங் ரூம்ல என்ன பேசிக்கிட்டாங்கங்கிறதுல வெளியே வந்த செய்திதான் எனக்கும். ஒரே டீமை ரொம்ப வருஷம் கையில வச்சிருக்கிற ஆளுக்கு உள்ளுக்குள்ள என்ன ஆகும்ங்கிறது மட்டும் எனக்கு நேரா தெரியும், ஏன்னா எனக்கே ஆச்சு. அதைப் பின்னாடி சொல்றேன்.

வெங்கர் விஷயத்துல சந்தேகமே இல்லாத பகுதியை முதல்ல சொல்றேன். 1996 அக்டோபர்ல பொறுப்பு எடுத்தாரு, 2018 மே மாசம் கிளம்பினாரு, மொத்தம் 1,235 மேட்ச். மூணு லீக் டைட்டில், அதுல 2003-04 சீசன்ல 38 மேட்ச்ல ஒண்ணு கூட தோக்கல, 26 ஜெயிச்சு 12 டிரா. லீக்குக்கு வெளியே நடக்கிற நாக்-அவுட் கோப்பையான எஃப்ஏ கப் ஏழு. வந்த முதல் சீசன்ல இருந்து 2015-16 வரைக்கும் 20 சீசன் வரிசையா முதல் நாலு இடத்துக்குள்ள. 2006ல ஹைபரிங்கிற பழைய ஸ்டேடியத்தை விட்டுட்டு 60,000 பேர் உட்கார்ற புது ஸ்டேடியத்துக்கு மாறினாங்க, அதுக்கு வாங்கின கடனை அடைச்ச வருஷங்கள்ல பெரிய பிளேயருங்க ஹென்றி போனாரு, ஃபேப்ரிகாஸ் போனாரு, 2012ல வான் பெர்சி போட்டி டீமான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே போனாரு, அப்பவும் முதல் நாலு இடத்தை விடல, என் கண்ணுக்கு இது அந்த தோக்காத சீசனை விடப் பெரிய வேலை. இந்தப் பக்கம் பாத்தா 2005 கப்புக்கு அப்புறம் 2014 வரைக்கும் ஒரு கப்பும் இல்ல, 2011ல யுனைடெட்கிட்ட 8-2, 2014ல அவரோட 1000ஆவது மேட்ச்ல செல்சிகிட்ட 6-0, 2017ல பேயர்ன் மியூனிக்கிட்ட ரெண்டு மேட்ச்லயும் 5-1. அதே 2017 மார்ச்ல வெஸ்ட் ப்ராம் கூட விளையாடும்போது கிரவுண்டுக்கு மேல ரெண்டு விமானம் பறந்துச்சு, ஒண்ணுல இவருக்கு கான்ட்ராக்ட் கொடுக்காதீங்கன்னு பேனர், இன்னொண்ணுல இவரை நம்பறோம்னு பேனர், ரெண்டும் ஆர்சனல் ஃபேன்ஸ் விட்டதுதான். உங்க டீக்கடையில நடக்கிற சண்டை அங்க வானத்துலயே நடந்துச்சு தம்பி.

அந்த சீசன் அஞ்சாவது இடம். ஆனா மே 27ஆம் தேதி எஃப்ஏ கப் ஃபைனல்ல செல்சியை 2-1 ஜெயிச்சாங்க. நாலு நாள் கழிச்சு இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கான்ட்ராக்ட் அறிவிச்சாங்க, அடுத்த சீசன் ஆறாவது இடம், ஸ்டேடியத்துல காலி சீட் தெரிய ஆரம்பிச்சுது, ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே கிளம்ப வேண்டியதாப் போச்சு. இங்க இருந்து என் கருத்து: அந்தக் கப் கையில இருந்த அந்த நாலு நாள்ல அவர் போயிட்டு வரேன்னு சொல்லியிருந்தா அத்தனை பேரும் எழுந்து நின்னு அனுப்பியிருப்பாங்க. அப்படி நடந்திருந்தா ஆர்சனல் நல்லா வந்திருக்குமாங்கிறது வேற கேள்வி, அதை யாராலயும் நிரூபிக்க முடியாது.

இப்ப டீக்கடையில ரெண்டு பக்கமும் பேசறது எல்லாமே ஸ்கோரை வச்சுத்தான். இத்தனை மேட்ச் தோத்தாச்சு, போகணும். இத்தனை கப் வாங்கினாரு, இருக்கணும். கோச்சா இருந்த ஆளா சொல்றேன், ஸ்கோர் பாதி பொய் சொல்லும். பத்து மேட்ச் மோசமாப் போனதுக்கு அப்புறம் அடுத்த பத்து மேட்ச் பொதுவா கொஞ்சம் நல்லாத்தான் போகும், யாரு கோச்சா இருந்தாலும் சரி. ஹாலந்து லீக்ல 1986ல இருந்து 2004 வரைக்கும் எடுத்து ஒரு பொருளாதார ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, மேனேஜரை மாத்தின டீமையும் அதே மாதிரி சரிஞ்சும் மாத்தாம விட்ட டீமையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எழுந்து வந்திருக்கு. இதை மாத்தவே கூடாதுங்கிறதுக்கு ஆதாரமா எடுத்துக்காதீங்க. அது நடு சீசன்ல சரிஞ்ச டீம்களைப் பத்தின கணக்கு, 20 வருஷம் உட்கார்ந்திருக்கிற ஆளோட கதை அதுல அடங்காது. நாலு தோல்வியைப் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்கங்கிற அளவுக்கு மட்டும் அது உதவும்.

அலெக்ஸ் ஃபெர்குசனைப் பாருங்க. 1986 நவம்பர்ல யுனைடெட்டுக்கு மேனேஜரா வந்தாரு, மூணு வருஷம் ஒண்ணும் இல்ல, 1989 கடைசியில சொந்த ஃபேன்ஸே மூணு வருஷமா சாக்கு சொன்னது போதும் கிளம்புன்னு பேனர் பிடிச்சாங்க. 1990ல எஃப்ஏ கப் வந்துச்சு, 1993ல முதல் லீக். 2002ல ரிட்டயர் ஆகறேன்னு அவரே சொல்லிட்டு மனசை மாத்திக்கிட்டாரு, அப்ப அவர் கையில ஏழு லீக் டைட்டில். 2004, 2005, 2006 மூணு வருஷமும் லீக் கிடைக்கல, ஆளு முடிஞ்சாருன்னு அப்பவும் பேசினாங்க. 2013ல அவர் போகும்போது டைட்டில் 13. ஸ்கோரை மட்டும் பாத்து அனுப்பியிருந்தா 1989லயும் போயிருப்பாரு, 2006லயும் போயிருப்பாரு.

அப்ப எதைப் பாக்கிறது? நான் இத்தனை வருஷத்துல கண்டுபிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான். அவர் பக்கத்துல நின்னு 'இல்ல சார், இது தப்பு'ன்னு சொல்ற ஆள் இன்னும் இருக்காரா, சொன்னா அவர் கேக்கறாரா. இதுதான் என் அளவுகோல். ஃபெர்குசன் 26 வருஷமும் இருந்தாரு, ஆனா அவரோட அசிஸ்டன்ட் மாறிக்கிட்டே இருந்தாங்க, ஆர்ச்சி நாக்ஸ், பிரையன் கிட், ஸ்டீவ் மெக்லாரன், கார்லோஸ் கெய்ரோஸ்னு ஒவ்வொருத்தரும் ஒரு புது பாடத்தோட வந்தாங்க. பெஞ்ச்ல தலை ஒண்ணுதான், பக்கத்துல மூளை புதுசு. பிரையன் க்ளஃப் நேர் எதிர் கதை. 1975ல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்புக்கு மேனேஜரா வந்தாரு, 1976ல பீட்டர் டெய்லர் அசிஸ்டன்ட்டா வந்து சேர்ந்தாரு, ஆளைத் தேடிப் பிடிக்கிறதுல டெய்லர் கை, விளையாட வைக்கிறதுல க்ளஃப் கை. 1978ல லீக், 1979, 1980 ரெண்டு வருஷமும் ஐரோப்பிய கப். 1982ல டெய்லர் விலகினாரு. அதுக்கப்புறம் க்ளஃப் 11 வருஷம் இருந்தாரு, 1989லயும் 1990லயும் லீக் கப் ஜெயிச்சாரு, ஆனா லீக் டைட்டிலும் ஐரோப்பிய கப்பும் திரும்ப வரவே இல்ல, 1993ல டீம் கடைசி இடத்துல முடிஞ்சு கீழ் டிவிஷனுக்கு இறங்கிச்சு, அதோட அவரும் போனாரு. வெங்கருக்கும் அப்படி ஒரு ஆள் இருந்தாரு, டேவிட் டீன், கிளப்போட வைஸ் சேர்மன், வெங்கரைக் கொண்டு வந்ததுல பெரிய பங்கு அவருக்கு, 2007 ஏப்ரல்ல போர்டோட ஒத்துவராம வெளியேறினாரு. அதுக்கப்புறம் வெங்கருக்குச் சமமா உட்கார்ந்து பேசற ஆள் ஆர்சனல்ல வெளிப்பார்வைக்குத் தெரியல. கப் இல்லாத வருஷங்களுக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஸ்டேடியக் கடன் இருந்துச்சு, 2003ல செல்சிக்கும் 2008ல மான்செஸ்டர் சிட்டிக்கும் பெரிய பணம் வந்துச்சு. ஆனா கடன் சுமை குறைஞ்சு ஓசில் மாதிரி பிளேயரை எல்லாம் பெரிய விலைக்கு வாங்கின பிறகும் அதே மாதிரி தோல்வி அதே மாதிரி வந்துச்சு பாருங்க, அங்கதான் எனக்கு இந்த எண்ணம் பலமாச்சு.

என் கதைக்கு வரேன். நம்ம மலையில கிரவுண்டு எப்படின்னு உங்களுக்கே தெரியும், ஒரு பக்கம் சரிவு, கார்னர் பக்கம் சேறு, அக்டோபர் நவம்பர் மழையில பந்து உருளாது, நாலு மணிக்கு மேல மூடுபனி இறங்கினா எதிர் கோல் போஸ்ட் தெரியாது. அதனால நான் ஆரம்பத்துல இருந்தே ஒரே பாடம்தான், பந்தைக் கீழ வச்சு விளையாடாத, தூக்கி அடி, முன்னாடி உயரமான பையன் தலை கொடுக்கட்டும். அது ஜெயிச்சுக் கொடுத்துச்சு, பல வருஷம் கொடுத்துச்சு. பத்தாவது பன்னெண்டாவது வருஷத்துல கூடலூர் பக்கத்துல இருந்து ரெண்டு பசங்க வந்து சேர்ந்தாங்க, அங்க மலப்புறம் பக்கம்கிறதால செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடற ஃபுட்பால்) ஆடிப் பழகின கால், சின்ன இடத்துல மூணு பாஸ்ல வெளிய வந்துடுவானுங்க. என்கிட்ட விளையாடி பெரியவனாகி எனக்கு அசிஸ்டன்ட்டா இருந்த ஒரு தம்பி 'சார், கோடை டோர்னமென்ட்ல கிரவுண்டு காஞ்சிருக்கும், இவனுங்களை வச்சு கீழ விளையாடிப் பாக்கலாம்'ன்னு சொன்னான். பசங்க முன்னாடியே அவனைக் கத்திட்டேன், இந்த கிரவுண்டு உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமான்னு. அவன் ஒண்ணும் பேசல. அதுக்கப்புறம் நாலு வருஷம் என் கூடவே இருந்தான், கோன் வச்சான், தண்ணி எடுத்துக் கொடுத்தான், ஆனா ஒரு தடவை கூட வேற யோசனை சொல்லல. நான் என்ன சொன்னாலும் சரிங்க சார். அந்த நாலு வருஷத்தை நான் டீம்ல ஒழுக்கம் வந்துடுச்சுன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன் தம்பி, இன்னைக்கு நினைச்சாலும் நெஞ்சு கனக்குது. அந்தக் கூடலூர் பசங்க ரெண்டு பேரும் ஒரு சீசன்லயே போயிட்டாங்க.

எனக்கு எப்ப உறைச்சுதுன்னா, ஒரு நாள் காய்ச்சல்னு கிரவுண்டுக்குப் போகாம மேல ரோட்டுல இருந்து பாத்தேன். பசங்க சிரிச்சுக்கிட்டு விளையாடினாங்க, பந்து கீழயே ஓடுச்சு, அந்தத் தம்பி ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டுப் பேசிக்கிட்டிருந்தான். நான் அடுத்த நாள் போனதும் எல்லாம் பழையபடி ஆயிடுச்சு, அமைதியா, பயபக்தியா. அதுல இருந்து ஒரு வருஷம் ஆச்சு எனக்கு விலக. ஒரு வருஷம் ஏன்னு கேட்டா, நான் இல்லன்னா இந்த டீம் இருக்காதுன்னு நிஜமாவே நம்பினேன், அதோட நாலரை மணிக்கு கிரவுண்டுக்குப் போகலன்னா நான் என்ன பண்ணுவேன்ங்கிற பயமும் இருந்துச்சு. வெளியில இருந்து பாக்கிறவங்க பதவி ஆசைன்னு சொல்லுவாங்க. பல பேருக்கு அது ஆசை இல்ல, வேற வாழ்க்கை தெரியாதது. வெங்கருக்கும் அப்படி இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன், அவர் கையெழுத்துப் போட்டதைப் பேராசைன்னு திட்டறவங்க கூட நான் சேர மாட்டேன்.

உங்க நண்பர்கள்ல இன்னொரு செட் கேக்கிற கேள்வியும் நியாயம்தான், அவர் போனா யாரு வருவா, இதை விட மோசமாச்சுன்னா? ஆகலாம். ஃபெர்குசன் போனப்ப தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் கூடவே போனாரு, அடுத்த மேனேஜரா வந்த மோயஸ் பழைய அசிஸ்டன்ட்களை வச்சுக்கல, சாம்பியன் டீம் அடுத்த சீசன் ஏழாவது இடம், ஆறு வருஷ கான்ட்ராக்ட்ல வந்தவரை பத்து மாசத்துல அனுப்பினாங்க. ஆர்சனல் வெங்கருக்கு அப்புறம் வந்த எமரி காலத்துல அஞ்சாவது, அப்புறம் எட்டாவது, திரும்பவும் எட்டாவது, எமரிக்கு அப்புறம் வந்த அர்டெட்டா 2022-23ல ரெண்டாவது இடத்துக்குக் கொண்டு வர அஞ்சு வருஷம் ஆச்சு. இன்னொரு பக்கம் லிவர்பூல் மேனேஜர் க்ளோப் 2024 ஜனவரியிலயே விலகப் போறேன்னு சொல்லிட்டாரு, சீசன் முடிஞ்சதும் போனாரு, வந்த ஸ்லாட் முதல் சீசன்லயே லீக் ஜெயிச்சாரு. அங்க க்ளோப்போட அசிஸ்டன்ட்டும் கூடவே கிளம்பிட்டாரு, அதனால பக்கத்துல இருக்கிற ஆள் தொடர்ந்தாத்தான் நல்லா வரும்ங்கிற என் கணக்கு அங்க செல்லல, அதையும் ஒத்துக்கணும். ஆனா முன்கூட்டியே சொன்னதால கிளப்புக்கு ஆள் தேட நாலு மாசம் கிடைச்சுது, அது கைகொடுத்திருக்கும்.

இருந்துக்கிட்டே இருந்தாலும் நஷ்டம் உண்டு. ஜெர்மனி நாட்டு டீம் கோச் லோவ் 2014ல உலகக் கோப்பை ஜெயிச்சாரு, 2018 உலகக் கோப்பைக்கு முன்னாடியே 2022 வரைக்கும் கான்ட்ராக்ட் நீட்டிட்டாங்க, அங்க முதல் ரவுண்டுலயே வெளிய, அப்பவும் விடல, 2020 நவம்பர்ல ஸ்பெயின்கிட்ட 6-0, 2021ல தான் போனாரு. நம்ம நாட்டுல சையது அப்துல் ரஹீம் சாப்பையும் சொல்லணும், ஸ்கூல் வாத்தியாரா இருந்தவர், அதனால எனக்கு அவர் மேல தனிப் பாசம். 1950ல இருந்து இந்திய டீம் அவர் கையில, 1951ல ஆசிய விளையாட்டு தங்கம், 1956 ஒலிம்பிக்ல நாலாவது இடம், 1962 ஜகார்த்தாவுல திரும்பவும் தங்கம், 1963ல கேன்சர்ல இறந்துட்டாரு. பன்னெண்டு பதிமூணு வருஷம் இருந்தும் கடைசி வேலைதான் அவரோட பெரிய வேலை. அதனால வருஷக் கணக்கு மட்டும் ஒரு ஆளை வெளியேத்த காரணம் ஆகாது. அவருக்கு அப்புறம் இன்னை வரைக்கும் இந்தியா அந்தத் தங்கத்தை ஜெயிக்கலங்கிறதும் உண்மை, அடுத்த ஆளைத் தயார் பண்ணாத நாட்டுக்கு என்ன ஆகும்னு அதுல தெரியும்.

நன்றி கெட்டத்தனமான்னு கேட்டீங்க. போகணும்னு சொல்றது நன்றி கெட்டது இல்ல. அவர் பண்ணதை இல்லன்னு சொல்றதுதான் நன்றி கெட்டது. வெங்கரை அசிங்கமாத் திட்டின ஆளுங்களும் இருந்தாங்க, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பேசறதாலதான் உங்க டீக்கடையில இவ்வளவு சூடு.

இப்ப உங்க கோச். அவரை நான் பாத்ததில்ல, அதனால போகணுமா வேண்டாமான்னு இங்க உட்கார்ந்து தீர்ப்புச் சொல்றது தப்பு. எதைப் பாக்கணும்னு சொல்றேன். மூணு சீசனா கப் இல்லைன்னு சொன்னீங்க, அந்த மூணு வருஷத்துல டீம்ல இருந்து எத்தனை பசங்க வேலைக்குக் கோயம்புத்தூர், திருப்பூர்னு இறங்கிட்டாங்கன்னு முதல்ல எண்ணிப் பாருங்க. பசுந்தேயிலை விலை படுத்திருக்கிற வருஷத்துல வீட்டுக்கு வீடு வசூலும் படுக்கும், பூட்ஸ் வாங்க, வேன் வாடகை கொடுக்கக் காசு இருக்காது, அந்தத் தோல்வியை கோச் தலையில வைக்க முடியாது. அதுக்கப்புறம் நான் சொன்ன விஷயத்தைப் பாருங்க. பிராக்டிஸ்ல அவர்கிட்ட எதிர்த்து யோசனை சொல்ற ஆள் ஒருத்தராவது இருக்காங்களா, போன வருஷம் புதுசா ஒரு விஷயமாவது செஞ்சாரா, அவர் இல்லாத நாள்ல பசங்க எப்படி விளையாடறாங்க. ரோட்டு மேல நின்னு ஒரு சாயங்காலம் பாத்தாலே தெரிஞ்சிடும். கேக்கற ஆளா இருந்தா இன்னும் பத்து வருஷம் கூட இருக்கட்டும், நீங்க கப்பை விட்டுட்டு அவருக்கு ஒரு நல்ல அசிஸ்டன்ட் தேடுங்க.

அப்படி இல்ல, நிஜமாவே நேரம் வந்துடுச்சுன்னு தோணுச்சுன்னா, தயவு செஞ்சு வாட்ஸ்அப் குரூப்ல ஆரம்பிக்காதீங்க, மேட்ச் தோத்த அன்னைக்கும் பேசாதீங்க. கோடை டோர்னமென்ட் எல்லாம் முடிஞ்சு ஜூன்ல கிரவுண்டு ஓய்வா இருக்கும் இல்ல, அப்ப அவர் வீட்டுக்குப் போங்க. அவர்கிட்ட முதல் பேட்ச்ல விளையாடின, இப்ப கல்யாணம் ஆகி பிள்ளைங்க இருக்கிற ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க, பேச்சை அவரே எடுக்கட்டும். நீங்க போயிடுங்கன்னு ஆரம்பிக்காம, உங்களுக்கு அப்புறம் யாருன்னு நீங்களே கை காட்டுங்க சார்னு கேளுங்க. என்கிட்ட யாரும் அப்படிக் கேக்கல, கேட்டிருந்தா நான் அந்த ஒரு வருஷத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். அவர் ஒத்துக்கிட்டா ஒரு சீசன் முழுக்க புது ஆள் பிராக்டிஸ் எடுக்கட்டும், பெரியவர் கிரவுண்டுக்கு வராம இருக்கிறது நல்லது, கஷ்டமா இருக்கும் ஆனா அதுதான் நல்லது, நான் விலகின முதல் வருஷம் சாயங்கால நடையை வேற பாதைக்கு மாத்திக்கிட்டேன். அதே நேரம் அவருக்குக் கையில ஒரு வேலை கொடுங்க, பத்து வயசுக்குக் கீழ இருக்கிற பொடிசுங்களை ஞாயித்துக்கிழமை காலையில அவர்கிட்ட விடுங்க. என் டீமை அந்தத் தம்பிதான் இப்ப வச்சிருக்கான். போன மாசம் பொடிசுங்களுக்கு பந்தைக் காலுக்கடியில நிறுத்தறது எப்படின்னு சொல்லிக்கிட்டிருந்தப்ப அவன் வந்து, சார் அவனுங்களை இடது கால்லயும் பண்ண வைங்கன்னான். பண்ண வச்சேன்.